தமிழுக்கு என்ன தேதி?

சந்திரலேகாவுக்குப் போன் போட்டு ஒரு தேதியை மட்டும் சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக வைத்துவிட முடியாது. "செப்டம்பர் அஞ்சு" என்று சொன்னால், "சரிங்க, தமிழுக்கு என்ன தேதி?" என்பாள். "ஆவணி இருபதும்மா" என்றால், "கிழமை?" என்பாள். எதிர்முனையில் இருப்பவர் பல்லைக் கடித்துக்கொண்டு "வெள்ளி" என்ற பிறகுதான் அவள் விரல் கீபோர்டில் விழும்.

காரைக்குடியில் கல்லுக்கட்டிக்குப் பக்கத்துச் சந்தில் மாடியில் இருப்பது முத்தரசுவின் கல்யாணச் சமையல் ஒப்பந்த அலுவலகம், சந்திரலேகா தேதி எழுதுவது அங்கேதான். கீழே இருப்பது என் அச்சகம். என் பெயர் சிவபிரகாஷ், கல்யாணப் பத்திரிகை அடிக்கிறேன். மாடிப்படி என் கடை வாசலை ஒட்டித்தான் ஏறுகிறது, அதனால் அந்தத் "தமிழுக்கு என்ன தேதி"யை ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கேட்டுக்கொண்டே வேலை பார்க்க வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளுக்குப் 'பஞ்சாங்கம்' என்று பட்டப்பெயர் வைத்ததே நான்தான். சந்து முழுக்க அந்தப் பெயர் பரவியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவள் கொத்தமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிறந்தவள். அப்பா விவசாயி. பள்ளிச் சான்றிதழில் அவள் பிறந்த தேதி ஜூன் ஒன்று. அவள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன் ஒன்றுதான், சேர்க்கிற அன்றைக்குத் தலைமையாசிரியருக்கு எது வசதியோ அதை எழுதிக்கொண்டார். பெற்றவளுக்குத் தெரிந்ததெல்லாம் மார்கழி மாதம், பூச நட்சத்திரம், கோயிலில் மணி அடிக்கிற நேரம் என்பதுதான். இங்கிலீஷ் தேதி யாரோ எழுதிவைப்பது, தமிழ்த் தேதி பெற்றவள் மறக்காதது என்று சந்திரலேகா அப்போதே முடிவு கட்டிவிட்டாள். பன்னிரண்டாம் வகுப்பு, டைப்ரைட்டிங் லோயர், டவுன் பஸ் ஓட்டுகிற உடையப்பனோடு கல்யாணம், ஒரு மகள். இரண்டாயிரத்து எட்டில் முத்தரசுவிடம் வேலைக்கு வந்தாள்.

அவள் வருவதற்கு முன்னால் முத்தரசுவின் தேதிகள் எல்லாம் தினசரிக் காலண்டர் தாளின் ஓரத்தில்தான் இருந்தன. ஒரு தடவை அவர் மனைவி இரண்டு தாளைச் சேர்த்துக் கிழித்துவிட்டார். தாளோடு ஒரு வளைகாப்பும் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் தேதி எழுத ஒரு ஆள் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. முதலில் நோட்டில் எழுதினாள். பிறகு ஆறு வாரம் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் எக்செல் கற்றுக்கொண்டு எல்லாவற்றையும் அதில் ஏற்றினாள். ஒரு பத்தியில் இங்கிலீஷ் தேதி, அடுத்த பத்தியில் தமிழ்த் தேதி, அதற்கடுத்து வீட்டார் பெயர், ஊர், எந்தச் செட்டு ஆட்கள் போக வேண்டும் என்பது. முத்தரசுவிடம் இருப்பது இரண்டே செட்டு. ஒரே நாளில் மூன்றாவது விசேஷத்தை ஒப்புக்கொண்டால் யாரோ ஒருவர் வீட்டில் அடுப்பு எரியாது.

அந்தப் பழைய கம்ப்யூட்டரில் உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. கரண்ட் போய் வந்தால் கடிகாரம் இரண்டாயிரத்து இரண்டாம் வருஷத்துக்கு ஓடிவிடும். முத்தரசு அண்டா அண்டாவாகக் கொட்டிச் செலவு செய்வார், பேட்டரிக்கு மட்டும் மனசு வராது. அதனால் சந்திரலேகா காலையில் வந்ததும் முதல் வேலையாகக் கடிகாரத்தைச் சொடுக்கி, அந்த ஜன்னலைத் திறந்து, அன்றைய தேதியைத் தன் கையால் வைப்பாள். வருஷக்கணக்காக இதைச் செய்தாள். பதினேழு வருஷத்தில் அவள் எழுதிய ஒரு தேதியும் தவறியதில்லை. "ஒரு தேதி தப்புச்சுன்னு யாராச்சும் சொல்லட்டும், அன்னைக்கே கணக்கை முடிச்சுக்கிட்டுப் போயிருதேன்" என்று வருஷத்துக்கு இரண்டு தடவையாவது சொல்வாள். அவளுக்கு இருந்த சொத்து அதுதான்.

போன வருஷம் தைப் பொங்கல் முடிந்ததும் முத்தரசுவின் மகன் கார்த்திகேயன் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தான். டல்லாஸில் ஐந்து வருஷம் வேலை பார்த்தவன், முப்பத்திரண்டு வயது, நல்ல பையன்தான். ஆனால் வந்த பத்தாவது நாளே அப்பாவின் தொழிலைச் சீர்படுத்தத் தொடங்கிவிட்டான். பழைய கம்ப்யூட்டரைப் பழைய சாமான் கடைக்குப் போட்டான். டல்லாஸில் வாங்கிய தன் லேப்டாப்பை மேஜைமேல் வைத்தான். போடுவதற்கு முன் பழையதிலிருந்து பட்டியலை வெறும் எழுத்தாக, கமா போட்டுப் பிரித்த ஒரு கோப்பாக எடுத்து வந்து புதியதில் திறந்தான். "அக்கா, ஒரே நாளுக்கு எதுக்கு ரெண்டு தேதி?" என்று கேட்டுவிட்டுத் தமிழ்த் தேதிப் பத்தியை அழித்தான். இங்கிலீஷ் தேதியை எண்ணாக வைக்காமல் மாதத்தின் பெயரை எழுத்தில் காட்டும்படி அழகுபடுத்தினான். பிறகு பந்தல்காரர், மேளக்காரர், பூக்காரர், அச்சகக்காரன் என்று எங்கள் எல்லாருக்கும் பட்டியலை மெயிலில் அனுப்பி, இனிமேல் இதைப் பார்த்தே எல்லாரும் வேலை செய்யலாம் என்று எழுதினான். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பஞ்சாங்கத்திடம் போய் நிற்க வேண்டாம் அல்லவா!

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அடுத்து நடந்ததை நானே சொல்கிறேன்.

கொத்தமங்கலத்துத் தேனப்பன் செட்டியாரும் மெய்யம்மை ஆச்சியும் கோலாலம்பூரில் இருப்பவர்கள். செட்டியாருக்கு அறுபது முடிகிறது, சொந்த வீட்டில் அறுபதாம் கல்யாணச் சாந்தி செய்ய வேண்டும். அறுபது வருஷத்துக்கு முன்னால் அவர் பிறந்த அதே விசுவாவசு வருஷம் சுற்றித் திரும்பி வருகிறது. பிறந்த மாதத்தில் பிறந்த நட்சத்திரத்தன்றுதான் சாந்தி. கல்யாணம் என்றால் அடுத்த முகூர்த்தம் பார்க்கலாம், சாந்தியை அப்படி நகர்த்த முடியாது. நாலு நாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வர வேண்டும், டிக்கெட் போட வேண்டும் என்பதால் மார்ச் மாதத்திலேயே ஆச்சி எனக்குப் பெயர்களை அனுப்பி, பத்திரிகை மாதிரி ஒன்று கேட்டார். தேதியை முத்தரசு அலுவலகத்தில் ஏற்கெனவே சொல்லியாயிற்று என்றார். நான் பட்டியலைப் பார்த்தேன். ஜூலை 11, 2025. காலண்டரைப் பார்த்தேன், வெள்ளிக்கிழமை. ஆச்சியும் வெள்ளிக்கிழமை என்று சொன்ன ஞாபகம். சரியாக இருக்கிறதே என்று, அதே காலண்டர் தாளைப் பார்த்து, ஆனி மாதம் 27ஆம் நாள் என்று தமிழ்த் தேதியையும் நானே போட்டு, அழகாக வடிவமைத்து வாட்ஸப்பில் அனுப்பினேன்.

பத்து நிமிஷத்தில் மாடியில் போன் அடித்தது. முத்தரசு ஸ்பீக்கரில் போட்டிருந்தார், எனக்குக் கீழேயே கேட்டது.

"ஏப்பா முத்தரசு, எங்க செட்டியாரு ஐப்பசி ரோகிணி, நவம்பர் ஏழுன்னு சொல்லியிருக்கேன். அவுகளை ஆனி மாசத்துல பெத்துப்போட்டது யாரு? நீயா?"

"ஆச்சி, ஒரு நிமிசம் இருங்க, பாத்துச் சொல்லுதேன்" என்று அவர் மகனைப் பட்டியலைத் திறக்கச் சொன்னார். கார்த்திகேயன் பார்த்துவிட்டு, "ஜூலை பதினொண்ணுன்னுதான் இருக்கு. ஆச்சி கேட்கிற நவம்பர் ஏழுல ரெண்டு செட்டுக்கும் கல்யாணம் இருக்குப்பா" என்றான்.

ஆச்சி, "என் கல்யாணத்துக்கு உங்க அப்பா வந்து சமைச்சாக. அதுக்காகத்தான் உங்ககிட்ட வந்தேன். நாளைக்குக் காலையில உங்க நேரத்துக்குப் பதினோரு மணிக்குக் கூப்பிடுவேன். ஐப்பசி இருபத்தொண்ணு எனக்குன்னு சொல்லு. முடியாட்டி மதுரையில ஆளைப் பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

முத்தரசுவுக்குக் கோபம் வந்தால் ஆள் யார் எவர் என்று பார்க்க மாட்டார். அன்று சம்பளம் வாங்க வந்த சமையல் ஆட்கள் எட்டுப் பேர் மாடியில் இருந்தார்கள். அவர்கள் முன்னால் கத்தினார்.

"ஏத்தா, பதினேழு வருசமா பேரைக் காப்பாத்துனது எல்லாம் இப்படி ஒரு நாள்ல கவுக்கவா? ஐப்பசியை ஆனின்னு எழுதி வச்சிருக்கியே, தூக்கத்துல எழுதுனியா?"

"அண்ணே, நான் அப்படி எழுதலை."

"அப்ப லிஸ்டு தானா எழுதிக்கிருச்சா?"

"மெஷின் தப்பு பண்ணாதுக்கா" என்று கார்த்திகேயன் மெதுவாகச் சொன்னான். அவன் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டான்.

முத்தரசு மாடிக் கைப்பிடியில் சாய்ந்து என்னைக் கூப்பிட்டார். "பிரஸ்ஸு, நீ எதைப் பாத்து அடிச்சே?"

என் வேலையில் தப்பு வந்துவிட்டது என்ற பயத்தில் நான் ஊருக்கே கேட்கிற மாதிரி, "உங்க ஆபீஸ் லிஸ்டைப் பாத்துத்தான் அடிச்சேன். வெள்ளிக்கிழமையான்னு வேற சரிபாத்தேன்" என்றேன். அதோடு பழி அவள் தலையில் உறுதியாயிற்று. கிழமை சரியாக இருக்கிறது, அப்படியென்றால் எழுதியவள்தானே மாதத்தை மாற்றியிருக்க வேண்டும்?

"நாளையிலேருந்து தேதி எழுதுற வேலையைத் தம்பி பாத்துக்கிரும். நீ சாமான் ரூமைப் பாரு. அரிசி பருப்புலயாச்சும் தப்பு வராம இருக்கட்டும்" என்றார் முத்தரசு.

அவள் படியிறங்கி என் கடையைத் தாண்டிப் போனாள். என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

மறுநாள் மாசி மகம். திருக்கோஷ்டியூர்த் தெப்பத்துக்கு விளக்குப் போடப் போகிற கூட்டத்தால் பஸ்ஸெல்லாம் பிதுங்கிக்கொண்டு வந்தது. எட்டரை மணிக்கு சந்திரலேகா வந்தாள். மாடிக்கு ஏறவில்லை, நேராக என் கடைக்குள் வந்தாள். கணக்கை முடித்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"பிரஸ் அண்ணே, தம்பி உங்களுக்கு அனுப்புன லிஸ்டை ஒருக்கா பிரிண்டு போட்டுக் குடுங்க. காசு தந்துருதேன்."

"காசு யாரு கேட்டா" என்று முறைத்துவிட்டு அடித்துக் கொடுத்தேன். ஐந்து தாள் வந்தது. அவற்றை என் மேஜைமேல் பரப்பி, பேனாவைத் திறக்காமலே தேதிப் பத்தியில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள்.

"இதைப் பாருங்க. சிலது இடது ஓரமா நிக்கிது, சிலது வலது ஓரமா நிக்கிது. ஏன் அப்படி?"

அப்போதுதான் கவனித்தேன். ஒரே பத்தியில் சில தேதிகள் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு 28/08/2025 என்று அவள் எழுதியபடியே எண்ணாக இருந்தன. மற்றவை வலப்பக்கம் ஒதுங்கி, ஜூலை 11, ஆகஸ்ட் 5 என்று மாதப் பெயரோடு இருந்தன. பத்திரிகையில் ஒரு புள்ளி நகர்ந்தால் கண்டுபிடிக்கிற கண் என் கண். ஒரு மாதமாக இதைப் பார்த்தும் என் மண்டையில் ஏறவில்லை.

"அழகுபடுத்துனப்ப சிலது கேக்கலை போலிருக்கு" என்றேன்.

"எது கேக்கலைன்னு பாருங்களேன். இருபத்தெட்டு, பதினாலு, முப்பது, பதினேழு. இடது பக்கம் நிக்கிறதுல பன்னெண்டும் அதுக்குக் கீழயும் ஒரு தேதிகூட இல்லைண்ணே. இப்ப வலது பக்கம் பாருங்க. அஞ்சு, பதினொண்ணு, ஒன்பது, ரெண்டு. பன்னெண்டைத் தாண்டுன தேதி ஒண்ணாச்சும் இருக்கா?"

ஐந்து தாளையும் நான் புரட்டினேன். ஒன்றுகூட இல்லை. என்ன என்று புரியாமலே ஏதோ இருக்கிறது என்று மட்டும் புரிந்தது.

அவள் விரல் ஒரு வரியில் நின்றது. ஆகஸ்ட் 5, தேவகோட்டை, கல்யாணம். எட்டிப் போய் என் காலண்டரைப் புரட்டினாள். "ஆடி இருபது. ஆடியில கல்யாணம் வைக்கிற வீடு நம்ம பக்கம் எதுண்ணே?" என்று கேட்டவள், உதட்டுக்குள் எதையோ எண்ணினாள். "இது எட்டாந்தேதி அஞ்சாம் மாசம். சித்திரை இருபத்தஞ்சு. அந்த அம்மாகிட்ட நான்தான் பேசுனேன்."

சித்திரை இருபத்தைந்துக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. அந்தக் கல்யாணத்துக்கு ஒரு அடுப்பும் போயிருக்காது.

எட்டை ஐந்தாகவும் ஐந்தை எட்டாகவும் எடுத்துக்கொண்டிருக்கிறது லேப்டாப். நாளை மாதமாகவும் மாதத்தை நாளாகவும் படித்திருக்கிறது. இருபத்தெட்டு என்று வந்தால் இருபத்தெட்டாவது மாதத்துக்கு அது எங்கே போகும்? விழித்துவிட்டு, இது தேதியே இல்லை போலிருக்கிறது என்று எழுதியபடியே இடது ஓரத்தில் விட்டுவிட்டது. பன்னிரண்டுக்குள் வந்ததையெல்லாம் தன் இஷ்டத்துக்குத் திருப்பிக்கொண்டது. தேனப்பன் செட்டியாரின் 07/11 ஜூலை பதினொன்றாகிவிட்டது. ஜூலை பதினொன்றில் உண்மையாக இருந்த இரண்டு கல்யாணங்கள் நவம்பர் ஏழில் போய் உட்கார்ந்து, இரண்டு செட்டையும் நிரப்பிவிட்டன.

"ஆனா கிழமை? ரெண்டும் வெள்ளியா வருதே" என்றேன். என் தலைமேல் தொங்கிய கத்தி அதுதானே.

காலண்டரில் இரண்டு தாளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள். ஜூலை பதினொன்று, வெள்ளி. நவம்பர் ஏழு, வெள்ளி. "அப்படி அமைஞ்சு போச்சு, அம்புட்டுத்தான். கிழமையை மட்டும் கேட்டா இப்படித்தான் ஏமாறணும். அதுக்குத்தான் தமிழுக்கு என்னன்னு கேக்குறது" என்றாள். பட்டப்பெயர் வைத்தவன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லாமல் காலண்டரைப் பார்த்துச் சொன்னாள். அது அவளுடைய பெருந்தன்மை.

ஒன்பதரைக்கு மாடி ஏறினோம். நானும் ஏறினேன். நேற்று உரக்கச் சொன்னவன் இன்று கூட நிற்காவிட்டால் எப்படி?

முத்தரசு அவளைப் பார்த்ததும், "சாமான் ரூமு அங்குட்டு இருக்கு" என்றார்.

"தெரியும்ணே. பதினோரு மணிக்கு ஆச்சி போன் வரட்டும், அதுக்கப்புறம் போறேன்" என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். "இன்னைக்கு என்ன தேதிண்ணே?"

"மார்ச்சு பன்னெண்டு."

"தமிழுக்கு?"

"மாசி இருபத்தெட்டு. மகம். என்னத்துக்கு இப்ப இது?"

"இந்த மூலையில என்ன போட்டிருக்கு, படிங்க."

திரையின் கீழ் மூலையில் கடிகாரத்துக்கு அடியில் 3/12/2025 என்று இருந்தது. முத்தரசு கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "மூணு, பன்னெண்டு."

"மூணாந்தேதி டிசம்பராண்ணே இன்னைக்கு? கார்த்திகையா நடக்குது?"

கார்த்திகேயன் தலையில் கை வைத்தான். அவனுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. ஐந்து வருஷம் மாதத்தை முன்னால் எழுதிப் பழகியவன் கண்ணுக்கு அந்த மூலை வித்தியாசமாகவே தெரிந்திருக்கவில்லை. "அக்கா, இது அமெரிக்காக் கணக்குல ஓடுது" என்றான்.

சந்திரலேகா நாற்காலியில் உட்கார்ந்தாள். கடிகாரத்தைச் சொடுக்கினாள். வருஷக்கணக்காகச் செத்த பேட்டரியோடு மல்லுக்கட்டியவளுக்கு அந்த ஜன்னல் தன் வீட்டு அடுப்படி மாதிரி. நேரம், தேதி, அதற்குக் கீழே ரீஜன் என்று இருந்தது. திறந்தாள். யுனைட்டெட் ஸ்டேட்ஸ். அதை எடுத்துவிட்டு இந்தியாவைப் போட்டாள். மூலையில் எண்கள் ஒரு துடி துடித்து 12-03-2025 என்று மாறின.

எல்லாரும் பட்டியலைப் பார்த்தோம். ஒரு எழுத்தும் அசையவில்லை. தேனப்பன் செட்டியார் ஜூலை பதினொன்றிலேயே இருந்தார். கடிகாரத்தில் மணி பத்து தாண்டியிருந்தது.

"மாறலையே தாயி" என்றார் முத்தரசு. கோபத்தைவிடப் பயம்தான் அந்தக் குரலில் இருந்தது.

"மாறாதுண்ணே" என்றாள் சந்திரலேகா. " தப்பாப் படிச்சதை இது ஏற்கெனவே மனசுல எழுதிக்கிருச்சு. இனிமே அதைத் திருத்தி ஆகப்போறது இல்லை, முதல்லேருந்து படிக்க வைக்கணும். தம்பி, பழைய கம்ப்யூட்டர்லேருந்து எடுத்தீகளே, அந்தக் கமா பைலு இருக்கா? அழிச்சுட்டீகளா?"

கார்த்திகேயன் தேடினான். அவன் தேடிய அந்த இரண்டு நிமிஷம் நான் பிள்ளையார்பட்டிப் பிள்ளையாருக்கு எத்தனை தேங்காய் நேர்ந்துகொண்டேன் என்று எனக்கே தெரியாது. கோப்பு இருந்தது. அவள் அதை முதலில் நோட்பேடில் திறக்கச் சொன்னாள். அதில் அழகு கிடையாது, பத்தி கிடையாது, வெறும் எழுத்து. தேடி விரலை வைத்தாள்.

07/11/2025, ஐப்பசி 21, தேனப்பன், கொத்தமங்கலம்.

"நான் எழுதுனது இதுண்ணே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். முத்தரசு அந்த வரியை இரண்டு தடவை படித்தார். பிறகு எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

இந்தியக் கணக்கு வைத்த பிறகு அதே கோப்பை எக்செலில் திறந்தாள். இருநூற்றுப் பதினான்கு தேதிகளும், ஒன்று பாக்கியில்லாமல், வலது ஓரத்தில் வரிசையாக வந்து நின்றன. பக்கத்திலேயே அழிந்துபோன தமிழ்த் தேதிப் பத்தியும் வந்தது. அவள் ஒவ்வொன்றாக வாசிக்க, கார்த்திகேயன் காலண்டரைப் புரட்ட, நான் அடித்துவந்த தாளில் குறி போட்டேன். வலப்பக்கம் நின்றவை எண்பத்தாறு. அதில் ஆறாம் மாதம் ஆறாம் தேதி மாதிரி எந்தப் பக்கம் படித்தாலும் ஒன்றாக வருபவை மூன்று. மீதி எண்பத்து மூன்று விசேஷங்கள் வேறு வேறு மாதத்தில் கிடந்தன. எண்பத்து மூன்று வீடு!

முத்தரசு முழுசாக நம்பிய பிறகும் ஒரு சோதனை செய்தார். நவம்பர் ஏழில் போய் உட்கார்ந்திருந்த கல்யாண வீட்டுக்குத் தானே போன் போட்டு, "முகூர்த்தம் என்னைக்கு வச்சிருக்கீக?" என்று கேட்டார். "என்ன இப்படிக் கேக்குறீக? ஆனி இருபத்தேழு. பந்தலுக்குச் சொல்லியாச்சே" என்று பதில் வந்தது. போனை வைத்துவிட்டு மகனைப் பார்த்தார்.

"மெஷின் தப்பு பண்ணாதுன்னியே?"

"மெஷின் பண்ணலைப்பா. நான்தான் அதுக்கு எந்த ஊர்ல இருக்கோம்னு சொல்லலை" என்றான் கார்த்திகேயன். பிறகு சந்திரலேகா பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்குங்கக்கா" என்றான். பையன் நல்லவன் என்று சொன்னேன் அல்லவா?

சரியாகப் பதினோரு மணிக்குப் போன் அடித்தது. முத்தரசு எடுக்கப் போய், கையை இழுத்துக்கொண்டு, அவளைப் பார்த்து, "நீ எடு" என்றார்.

"வணக்கம் ஆச்சி. சந்திரலேகா பேசுதேன். ஐப்பசி இருபத்தொண்ணு, வெள்ளிக்கிழமை, ரோகிணி, நவம்பர் ஏழு. உங்க நாளு உங்களுக்குத்தான். பெரிய செட்டே வருது."

"நேத்து இல்லைன்னாகளே?"

"நேத்து லிஸ்டு வெளியூர் போயிருந்துச்சு ஆச்சி. இன்னைக்குக் காரைக்குடிக்கு வந்துருச்சு."

ஸ்பீக்கரில் ஆச்சி சிரித்த சிரிப்பு என் கடை வரைக்கும் கேட்டிருக்கும். "என்கிட்ட முதல்ல போன்ல தமிழுக்கு என்ன தேதின்னு கேட்டது நீதானா? நீ கேட்டுட்டேன்னுதான் நான் நிம்மதியா இருந்தேன்" என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் பந்தல்காரர் முதல் பூக்காரர் வரை எல்லாருக்கும் புதுப் பட்டியல் போயிற்று. தமிழ்த் தேதிப் பத்தியைக் கார்த்திகேயன் முதல் பத்தியாக வைத்தான், அவனாகவே. சித்திரை இருபத்தைந்தில் தேவகோட்டையில் அடுப்பு எரிந்தது. ஆனி இருபத்தேழில் இரண்டு செட்டும் இரண்டு ஊரில் சமைத்தன. ஒரு வீட்டிலும் ஒரு இலையும் காத்துக் கிடக்கவில்லை. சாமான் அறைப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. ஆனாலும் எனக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. திட்டியது எட்டுப் பேர் முன்னால். சரியானது எங்கள் நாலு பேருக்கு மட்டும் தெரிந்தது. ஒரு நாள் தாங்க முடியாமல் முத்தரசுவிடமே சொன்னேன். "எனக்குத் தெரியாதாக்கும்? நாளு வரட்டும்" என்றார்.

ஐப்பசி இருபத்தொன்று வந்தது. கொத்தமங்கலத்து வீட்டில் முன்வாசலிலிருந்து பின்கட்டு வரை கூட்டம். சிங்கப்பூர், கோலாலம்பூர், சென்னை, நியூஜெர்சி என்று எங்கெங்கிருந்தோ சொந்தங்கள். நான் அடித்த பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள், அதில் தேதி சரியாக இருந்தது. கும்பத்து நீர் ஊற்றி முடிந்து, தேனப்பன் செட்டியாரும் ஆச்சியும் புதுத் துணியும் மாலையுமாக உட்கார்ந்திருந்தார்கள். இலையில் கவுனி அரிசியும் வெள்ளைப் பணியாரமும் விழுந்துகொண்டிருந்தன. சந்திரலேகா பின்கட்டில் இலைக்கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் நாளைப் பிடிச்சு வச்சிருந்த பொண்ணு எங்க?" என்று ஆச்சி கேட்டார்.

முத்தரசு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, சபை நடுவில் நிறுத்தினார். அன்று சம்பளம் வாங்க வந்திருந்த அந்த எட்டுப் பேரையும் கரண்டியும் கையுமாக அங்கே வரச் சொன்னார். அவர் எதையும் மறக்கவில்லை.

"ஆச்சி, இதுதான் சந்திரலேகா. இவ தேதியை மாத்தி எழுதிட்டான்னு நான் பத்துப் பேரு முன்னாடி ஏசினேன். இப்ப முன்னூறு பேரு முன்னாடி சொல்லுதேன், கேட்டுக்குங்க. பதினேழு வருசத்துல இந்தப் புள்ள ஒரு தேதி மாத்துனதில்லை. நான்தான் தப்பு."

அந்த எட்டுப் பேரில் மூத்தவரான சோணைமுத்து கரண்டியால் தட்டில் ஓங்கித் தட்டினார். மேளக்காரர்களும் விடுவார்களா? கெட்டிமேளமே அடித்துவிட்டார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, அதை மறைக்க நான் முயலவும் இல்லை. ஆச்சி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு பட்டுப் புடவையைக் கையில் கொடுத்து, "உனக்குப் பிறந்தநாள் எப்ப?" என்று கேட்டார்.

"சான்றிதழ்ல ஜூன் ஒண்ணு ஆச்சி."

"தமிழுக்கு?" என்றார் ஆச்சி.

அவளை அந்தக் கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன். "மார்கழி, பூசம்" என்று சொன்னபோது அவள் குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

சாயங்காலம் அலுவலகத்துக்குத் திரும்பியதும், புடவைப் பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் லேப்டாப்பைத் திறந்து, தேனப்பன் செட்டியார் வரிக்கு எதிரே 'முடிந்தது' என்று அடித்தாள். நான் பின்னால் நின்று கீழ் மூலையைப் பார்த்தேன். 07-11-2025 என்று இருந்தது.

"பஞ்சாங்கம், இது ஜூலையா நவம்பரா?" என்று கேட்டேன்.

"ஐப்பசி" என்றாள் சந்திரலேகா.